பின்கதவில் இரண்டு தட்டு

காலை ஏழேகால் மணிக்குச் செய்தி வந்தபோது அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கச் சடை முடிந்திருந்தது. வேன்காரர் வீட்டிலிருந்து அழைப்பு. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு வண்டி வராதும்மா," என்றாள் அவர் மனைவி.

"பரவால்லக்கா. நாளைக்கு வந்துருவாரில்ல?"

"அவரே இல்லம்மா. தூக்கத்துலயே போய்ட்டாரு."

வண்டிதான் பழுது என்று நினைத்துக் கேட்டவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுபக்கச் சடை பின்னாமலே கிடந்தது. மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டாள்.

எல்லோரும் அவரை ஆமை என்றுதான் சொல்வார்கள். பேருந்து ஓட்டிய காலத்தில் நடத்துநர் வைத்த பெயர். "நம்ம அண்ணன் வண்டியில ஏறினவன் பேரனோடதான் இறங்குவான்," என்பாராம் அந்த நடத்துநர். ஆமைக்குக் கோபமே வராது. "ஆமை எங்கயாச்சும் மோதிப் பாத்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு அதே வேகத்தில் ஓட்டுவார். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றினார். மணியடிப்பதற்குள் போயாக வேண்டிய பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு வண்டிக்கு மாற, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் அவரிடம் மிஞ்சினார்கள்.

இவளுடைய மகளுக்குப் பத்து வயது, பேச்சு கிடையாது. பள்ளி தேடி இவள் செருப்புத் தேய அலைந்திருக்கிறாள். ஓரிடத்தில், "மத்த பெத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார்கள். இன்னோரிடத்தில் அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள்; அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். அரசு அலுவலகத்தில் இந்த மேசை அந்த மேசையைக் கைகாட்டியது. டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மையம் நடப்பதைக் கண்டுபிடித்தவர் ஆமைதான். காற்றடிக்கப் போனவர் பிள்ளைகள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். இவள் அலைவது அவருக்குத் தெரியும்; அன்று மாலையே இவள் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு இடம் காலியா இருக்காம். நான் கூட்டிட்டுப் போறேன். மெதுவாத்தான் போவேன், இப்பவே சொல்லிட்டேன்."

மகள் லேசில் ஏறிவிடவில்லை. இரைச்சல் என்றால் அவளுக்கு ஆகாது. பேருந்தையோ ஆட்டோவையோ கண்டால் தெருவிலேயே படுத்துவிடுவாள்; மையமோ நடக்கிற தூரத்தில் இல்லை. ஆமை தினமும் இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா காத்திருப்பார். ஒருநாள் அவளாகவே போய்ப் பின்கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"யாரது?" என்றார் உள்ளிருந்து. பதில் வராதென்று அவருக்குத் தெரியும். "ஓ, மகாராணியா? வாங்க வாங்க, சிம்மாசனம் காலியாத்தான் இருக்கு."

ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்த முறை மாறவில்லை. அதை நம்பித்தான் தாய் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போனாள்.

காரியங்கள் முடிந்து, திங்கட்கிழமை அதே வேனை அவருடைய தம்பி ஓட்டிவந்தார். இவள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். மகள் கதவைத் தட்டினாள்.

"யாரது? ஓ, மகாராணியா?"

மகள் ஏறவில்லை. மறுபடி தட்டினாள். அவரும் மறுபடி சொன்னார், இந்தமுறை இன்னும் மெதுவாக. அவள் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தம்பி இறங்கி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க அண்ணன் குரலுக்கு நான் எங்கம்மா போவேன்?"

மறுநாளும் அப்படித்தான். மையத்து டீச்சர் போனில் கூப்பிட்டார்.

"நிறைய பிள்ளைங்க இடத்துக்குக் காத்திருக்காங்கம்மா. இந்த வாரம் முழுக்க நான் சமாளிச்சுப் பாக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

"வீட்டுக்கு யாராச்சும் வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா டீச்சர்?"

"இருக்கறதே நாங்க ரெண்டு பேருதானேம்மா."

இவளால் சண்டை போட முடியவில்லை. காத்திருக்கும் பிள்ளைகளின் தாய்மார் நினைவுக்கு வந்தார்கள். அந்த வரிசையில் நேற்றுவரை நின்றவள்தானே இவளும்.

வெள்ளிக்கிழமையும் மகள் தட்டினாள்; ஏறவில்லை. மாலையில் டீச்சர் மறுபடி கூப்பிட்டார். அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. தம்பியிடம் சொன்னபோது அவர் வேனின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மரப்படியை எடுத்துவந்து வாசலில் வைத்தார்.

"பாப்பாவுக்கு ஏறும்போது முட்டி இடிக்குதுன்னு அண்ணன் செஞ்சிட்டிருந்தது. இங்கயே இருக்கட்டும்மா."

இரண்டு தட்டுள்ள சின்னப் படி. மேல்தட்டு வழவழவென்று இருந்தது. கீழ்த்தட்டில் பாதிவரைதான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது.