வேளாங்கண்ணி அறைக் காசு

நேர்த்திக்கடன் தீர்க்க வெளிக்கிட்டவர்கள் அதை முடிக்காமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. என் மனைவியின் தாய்வழியில் அப்படித்தான். அதனால், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விமானம் இல்லை என்று சொன்னதும், நாங்கள் வங்காலையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பாமல் பேசாலையில் அவளுடைய தங்கை வீட்டில் போய் இறங்கினோம்.

நேர்த்தி, தமிழ்நாட்டு அகதி முகாமில் வைத்தது. ஊரில் திரும்பக் குடியேறினால் ஒன்பது நாள் வேளாங்கண்ணி மாதாவின் காலடியில் இருப்பேன் என்று அவள் வேண்டியிருந்தாள். முகாமில் இருந்தபோது ஒருமுறை அங்கே போயிருக்கிறோம். தங்க இடமில்லை. கடற்கரையில் பாய் விரித்துப் படுத்தோம். விடியும்போது வாயெல்லாம் மணல். அந்த மணலை நான் மறக்கவில்லை. சண்டை ஓய்ந்து, ஊருக்கு வந்து, வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடும் எழும்பிய பிறகு, மன்னார்ப் பட்டினத்து டிக்கெட் கடைத் தம்பி மூலம் வேளாங்கண்ணியில் கடலைப் பார்த்த அறை ஒன்றுக்கு ஒன்பது நாள் வாடகையையும் முன்கூட்டியே கட்டினேன். விவரமானவன் ஒரு நாள் வாடகை கட்டி அறையைப் பிடித்திருப்பான். நான் கடற்தொழிலாளி. போய் வர வேண்டிய எண்ணெய் முழுவதையும் கரையிலேயே நிரப்பிப் பழகியவன். நடுக்கடலில் கடை இல்லையே.

இந்தியப் பக்கம் புயல். டிக்கெட் காசு சுணங்காமல் திரும்பி வந்தது. அறைக் காசு வரவில்லை. அது வந்தால்தான் மறுபடி அறை, அறை இருந்தால்தான் பயணம், பயணம் முடிந்தால்தான் வீடு என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். விடிந்தால் பஸ் ஏறிக் கடைக்குப் போய்விடுவேன். ஒருநாள் தம்பி விடுதிக்குப் போன் போட்டு என் கையில் தந்தான்.

"பெரியவரே, புயல் பிளேனைத்தானே நிறுத்திச்சு? ரூம் அங்கேயேதான் இருந்திச்சு. நீங்கதான் வரலை," என்றார் விடுதிக்காரர்.

"அப்ப நீந்தியோ ஐயா வாறது?"

"முன்னாடியெல்லாம் போட்ல வந்தீங்கல்ல?"

"அது உயிருக்குப் பயந்து ஒளிச்சு வந்தது. இது பாஸ்போட்டோட வாறது."

அவர் சிரித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பேசாலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அத்தான், நீங்கள் நடக்கிற நடையில என்ர சீமெந்து தேயப்போகுது," என்றாள் மச்சாள். சில நாள் வங்காலைக்கே போய், வேலிக்கு வெளியே நின்று வீட்டைப் பார்ப்பேன். எங்கள் ஆட்டுக்குக் குழை போட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, "உள்ள வாங்கோவன் ஐயா, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றாள். சொந்தக் காணியை வெளியே நின்று பார்ப்பது எனக்குப் புதிதல்ல. அந்த நாளில் உள்ளே விடாமல் தடுக்கத் துவக்கோடு ஆட்கள் நின்றார்கள். இப்போது ஒருவரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கால் இன்னும் கூடப் பரபரத்தது. ஆடு என்னைக் கண்டு கத்தியது. திரும்பிவிட்டேன்.

அன்று மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, டிக்கெட் காசு வந்திட்டுதெல்லே?"

"ஓம்."

"பிறகென்னத்துக்கு இஞ்ச குந்திக்கொண்டிருக்கிறம்?"

"அறை?"

"அறை கேட்டது நீங்கள். மாதா கேட்டவவோ?"

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இத்தனை நாளும் பஸ்ஸுக்குக் கொடுத்த காசை நினைத்துக்கொண்டேன்.

மறுபடி டிக்கெட் எடுத்தேன். மச்சாள் தன் நல்ல பாயைச் சுருட்டித் தந்தாள். கட்டுநாயக்காவில் விமானம் ஏற எங்களைக் கூப்பிட்ட நேரம் பார்த்துப் போன் அடித்தது. கடைத் தம்பி.

"ஐயா, அறைக்காரர் பாதிக் காசு தாறாராம். இஞ்ச வந்து அவரோட போனில கதைச்சா மிச்சத்தையும் எடுக்கலாம். இண்டைக்குக் கடைக்கு வாறீங்களோ?"

உண்மையைச் சொன்னால், நான் வெளிவாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மனைவி பாயைத் தூக்கி என் தோளில் சாத்தினாள்.

"தாறதை வாங்கி வையுங்கோ தம்பி," என்றேன். "நாங்கள் மணலுக்குப் போறம்."