வேண்டாதவரைத் தேர்ந்தெடுக்கவும்

நான் வடிவமைத்த திரைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த இதயம் போட்ட திரைதான். கைப்பேசி வங்கிச் செயலியில் சேமிப்புக்கென்று ஒரு புது வசதி. பணத்தைப் போட்டு, ஒரு மாதத்தைக் குறித்துப் பூட்டிவிட வேண்டும். அதற்கு முன்னால் எடுக்க வேண்டுமானால் இன்னொருவர் தன் போனில் 'சம்மதம்' என்று அழுத்த வேண்டும். அந்த இன்னொருவரைக் குறிக்கும் இடத்தில் ஒரு சிவப்பு இதயத்தை வரைந்து, 'உங்கள் அன்புக்குரியவரைத் தேர்ந்தெடுக்கவும்' என்று எழுதியிருந்தேன். சென்னை அலுவலகத்தில் கைதட்டினார்கள். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்க ஊர்ப்பக்கம் போக வேண்டும் என்றபோது, புதுக்கோட்டைக்காரி என்ற ஒரே தகுதியில் என்னை இலுப்பூருக்கு அனுப்பினார்கள். ஒரு தையல்கடையின் மாடியை வாடகைக்கு எடுத்தேன். வருகிறவர்கள் தங்கள் நிஜப் பணத்தையே போட்டுச் சில மாதங்கள் பயன்படுத்துவார்கள். நான் வந்து வந்து பார்த்துக் குறிப்பெடுப்பேன். அதுதான் ஏற்பாடு.

முதலில் வந்தவர் கடைத்தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா. எல்லாத் திரைகளையும் மளமளவென்று கடந்தவர், இதயத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். 'குழப்பம்' என்று எழுதிக்கொண்டேன்.

"ஏம்மா, இதுல எனக்கு ஆகாதவங்களைப் போடலாமா?"

"ஆகாதவங்களையா? எதுக்குக்கா?"

"வேண்டியவங்களைப் போட்டா, நான் போயி மூக்கைச் சிந்துன ஒடனே குடுத்துருவாங்க. அப்பறம் பூட்டு எதுக்கு?"

அவர் போட்டது தன் ஓரகத்தியை, அதாவது கணவருடைய தம்பி மனைவியை. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து இரண்டு பக்கமும் குடியிருக்கிறார்கள். பாகம் பிரித்தபோது தண்ணீர் மோட்டார் யார் பக்கம் என்பதில் வந்த சண்டையில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில்தான் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

இவர் ஒருவர்தான் இப்படி என்று நினைத்தேன். அடுத்து வந்தவர், வரப்புத் தகராறில் தன்மீது கேஸ் போட்டிருக்கும் பங்காளியைப் போட வேண்டும் என்றார். நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். "வக்கீல்கிட்ட இருக்கும், வாங்கித் தாரேன்" என்றார். அதற்கடுத்த பெண், துபாயில் இருக்கும் கணவரை விட்டுவிட்டு, தன் கல்யாணச் சாப்பாட்டில் குறை சொன்ன நாத்தனாரைப் போட்டார். சாயங்காலத்துக்குள் என் இதயத்துக்குக் கீழே இலுப்பூரின் பகையெல்லாம் வரிசையில் நின்றது.

வீடியோ அழைப்பில் மேலாளரிடம் சொன்னேன். படம் சின்னதாக இருப்பதால் புரியவில்லையோ என்னவோ, இதயத்தைப் பெரிதாக்கிப் பார் என்றார். பெரிதாக்கினேன். மறுநாள் வந்தவர், "இது ஹார்ட்டு செக் பண்ற ஆப்பா?" என்று கேட்டார்.

ஓரகத்தியின் சம்மதம் வாங்க நானே நேரில் போனேன். முகத்தில் அடித்த மாதிரி பேசி அனுப்பிவிடுவார் என்று பயந்துகொண்டுதான் போனேன்.

"அவுக என் பேரையா போட்டாக? அவுகளாவேவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் விளக்கி முடிப்பதற்குள் அழுத்திவிட்டார். பிறகு தானும் ஒரு கணக்குத் தொடங்கி, மகளின் காதுகுத்துக்கென்று பணம் போட்டு, இட்லிக்கடை அக்காவின் பெயரையே குறித்தார்.

அக்கா சேர்த்தது ஒரு பெரிய மாவு கிரைண்டருக்காக. இருந்த கிரைண்டர் கல் தேய்ந்து முனகிக்கொண்டிருந்தது. பங்குனியில் நார்த்தாமலைத் திருவிழாவில் கடை போடுவார். அதற்குள் புதுசு வந்துவிட வேண்டும் என்று பங்குனி வரை பூட்டினார். பொங்கல் கழிந்த கையோடு பழைய கிரைண்டரின் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. மாவு இல்லாமல் கடையைச் சாத்தினார். எதிர் வரிசையில் அப்போதுதான் ஒரு டிபன் கடை புதிதாகத் திறந்திருந்தது.

"நாலு நாளு அங்கிட்டுத் தின்னு பழகிட்டாய்ங்கன்னா இங்கிட்டுத் திரும்ப மாட்டாய்ங்கம்மா. என் பொழப்பு போயிரும்" என்றார் போனில்.

வட்டிக்கு வாங்க மாட்டார். ஒருமுறை வாங்கிப் பட்டது போதும் என்றார். பணமோ போனுக்குள் பத்திரமாக இருந்தது. 'நாங்களே நினைத்தாலும் திறக்க முடியாது' என்று வேறு அந்தத் திரையில் பெருமையாக எழுதி வைத்திருந்தேன். அடித்துப் பிடித்து பஸ் ஏறி அக்காவின் வீட்டுக்கு வந்தேன்.

கோரிக்கை அனுப்பும் பொத்தானில் 'அன்புடன் கேளுங்கள்' என்று இருந்தது.

"அன்புடன்லாம் என்னால கேக்க முடியாது. அதை எடுத்துருங்க."

அதை எடுக்க சென்னையில் ஒரு கூட்டம் நடந்தது. 'பணிவுடன்' என்று மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். அதை நான் எடுத்துச் சொன்னபோது அக்கா என்னைப் பார்த்த பார்வையைக் கூட்டத்துக்கு அனுப்ப வழியில்லை. கடைசியில் வெறும் 'கேட்கவும்' என்று ஆனது. அக்கா அழுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் போன் 'டிங்' என்றது எங்களுக்கே கேட்டது. உடனே பதில் வந்தது: மறுக்கப்பட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் மறுப்பு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெருவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்க வாசலுக்குப் போனேன்.

"அவங்க கடை மூடிக் கெடக்குது. இந்த நேரத்துல இப்பிடிப் பண்ணலாமாக்கா?"

"கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னுதானம்மா என்னையப் போட்டுருக்காக? குடுத்துட்டா அப்பறம் நான் என்ன ஆளு? நீங்க டெஸ்ட்டு வைக்கத்தானே வந்திருக்கீங்க? நான் பெயிலாக மாட்டேன்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே தன் போனை எடுத்து, காதுகுத்துப் பணத்தைத் திறக்கக் கோரிக்கை அனுப்பினார். காரணம் எழுதும் கட்டத்தில் 'அவுகளுக்கு கிரைண்டர்' என்று இருந்தது.

இப்போது சுவரில் அக்காவின் பக்கம் 'டிங்'. நான் மறுபடி தெருவைச் சுற்றி ஓடி வருவதற்குள் அக்கா மறுத்திருந்தார்.

"அக்கா, அது ஒங்களுக்காகத்தான்..."

"படிச்சேன், படிச்சேன். புள்ளை காதுகுத்துக் காசை ஒடச்சு நான் மாவாட்டணுமாக்கும்?"

டிங். மறுப்பு. டிங். மறுப்பு. அக்கா கேட்பார், அவர் மறுப்பார். அவர் கேட்பார், அக்கா மறுப்பார். நடுவில் நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'பயனர் ஈடுபாடு மிக அதிகம்' என்று எழுதினேன். வேறென்ன எழுதித் தொலைப்பது!

கடைசியில் அக்கா இன்னொரு தடவை கேட்டு அழுத்திய கையோடு போனை அரிசி மூட்டைமேல் வீசிவிட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"ஏன்டி, கூறு இருக்கா ஒனக்கு? புள்ளைக்கு வச்ச காசுடி அது!"

அந்தப் பக்கமிருந்து பதிலுக்குக் குரல் வந்தது.

"ஒங்களுக்கு மட்டும் இருக்காக்கும்? கடையைச் சாத்திப்புட்டு ஒக்காந்திருக்கீகளே, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா முத்தா உதுந்துரும்?"

"கேக்குறேன்டி! குடு!"

அரிசி மூட்டைமேல் போன் ஒளிர்ந்தது. சம்மதம்.

மேலாளருக்கு இதில் சந்தோஷமே இல்லை. பயனர்கள் செயலிக்கு வெளியே வாயால் கேட்டுத் தீர்த்துக்கொண்டது பெரிய குறை என்றும், அதைத் தடுக்க ஏதாவது யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கிரைண்டர் வந்த அன்று அக்காவின் வீட்டுக்குப் போனேன். சுவருக்கு மேலாக ஓரகத்தியும் அவரும் மோட்டார் விஷயத்தை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக ஓய்ந்தபின், மிச்சப் பணத்தைத் திரும்பப் பூட்டித் தரச் சொன்னார் அக்கா.

"இப்பத்தான் பேச ஆரம்பிச்சிட்டீங்களேக்கா. அவங்க இனி ஆகாதவங்க இல்லையே. வேற யாரைப் போட?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அக்கா கிரைண்டரை நிறுத்தினார்.

"அவளையே போடு. அன்னைக்கு மாட்டேன்னுட்டு அங்கிட்டு ஒக்காந்து அழுதா பாத்தியா, இங்கிட்டுக் கேட்டுச்சு. எனக்காக அழுதுக்கிட்டே மாட்டேன்னு சொல்ல வேற யாரு இருக்கா?"