லிட்டருக்குப் பன்னிரண்டு

கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆன வருஷம்தான் நான் பிக்கப் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் பத்து வருஷம் அவர் ஓட்டிய டீசல் வண்டி அது. இனி ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்றுவிடலாமா என்று பேச்சு வந்தபோது, "நான் ஓட்டறேன்" என்றேன். ஈஜிபுராவில் எங்கள் தெருவே சிரித்தது. ஆறு மாதத்தில், பொம்மசந்திராவில் அட்டைப்பெட்டிகளை ஏற்றி சிவாஜிநகர் கடைகளில் இறக்கும் ஓட்டத்தை நானே பார்த்துக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர், "என் கையில லிட்டருக்குப் பன்னிரண்டு குடுத்த வண்டி" என்பார். எனக்கு என்ன செய்தும் பதினொன்றைத் தாண்டவில்லை. சிக்னல் தூரத்தில் தெரியும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். டயரில் காற்று குறைய விடமாட்டேன். முன்னால் போகிற பஸ்ஸை முந்த ஆசை வந்தாலும் அடக்கிக்கொள்வேன். இரண்டு வருஷமாக அந்த ஒரு கிலோமீட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் என் தம்பியும் சரக்கு ஓட்டப் புது பிக்கப் வாங்கினான். மைலேஜை டேஷ்போர்டிலேயே காட்டும் வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் ஆரம்பித்தான்.

"மாமா, என்னோடது பதினாறு காட்டுது. உங்க பழைய வண்டி டீசலைக் குடிக்குது. தள்ளி விட்டுடுங்க."

"டேஷ்போர்டு என்ன வேணா காட்டும் மாப்ள. டேங்க்கை நிரப்பி ஓட்டிப் பார்த்தாத்தான் நிஜம் தெரியும்" என்றார் அவர்.

மறுநாளே இரண்டு வண்டியும் ஒரே பங்க்கில் நின்றன. ஒரே எடை, ஒரே வழி, மூன்று நாள் ஓட்டம் என்று முடிவானது. என் கணவரும் முதுகுக்கு ஒரு தலையணையோடு ஏறி உட்கார்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வண்டியில் அவர் ஏறியது அன்றுதான். டேங்க் நிரம்பியதும், உள்ளே காற்று நிற்கும் என்று வண்டியைக் குலுக்கச் சொல்லி, மறுபடி கழுத்து வரை ஊற்ற வைத்தார். "சாக்கா அக்கா?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு பங்க்காரர் சிரித்தார். போதும் என்று தலையாட்டினேன்.

ஓசூர் ரோட்டில் தம்பி எங்களைத் தாண்டிப் பறந்தான். இரண்டாம் நாள் சிவாஜிநகர் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து, புகை வடிகட்டி அடைக்கிறது என்று அவன் வண்டியில் விளக்கு எரிந்தது. அது சூடேறித் தானே சுத்தமாகட்டும் என்று, சரக்கில்லாமல் சும்மாவே மறுபடி ஓசூர் ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வந்தான். என் கணவர் மட்டும் மூன்று நாளும் தலையைக் குனிந்தபடியே வந்தார். முதுகு வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடி டேங்க்கை நிரப்பிப் பார்த்தோம். எங்களுடையது பதினொன்று. தம்பியுடையது பதினான்கு. பதினாறு இல்லை என்று அவனுக்கு ஏமாற்றம். ஆனாலும் எங்களைவிட மூன்று கூடுதல்தான். நான் தோற்ற மாதிரி நின்றேன்.

"இன்னும் முடியல" என்றார் கணவர். "வண்டியை மாத்திக்குங்க. இன்னொரு மூணு நாள்."

மாற்றிக்கொண்டோம். என் கையில் புது வண்டி பதினைந்தரை கொடுத்தது. தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, உன் வண்டி எனக்கு ஒன்பதுதான் குடுத்துது."

"எனக்கும் ஒன்பதுதான்" என்றார் என் கணவர்.

எனக்கு முதலில் புரியவில்லை. "அப்போ அந்தப் பன்னிரண்டு?"

"சும்மா சொன்னது. சொல்லிச் சொல்லி, அப்புறம் மாத்த முடியல." என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இவ்வளவு நாளா அந்த நம்பரை நீ துரத்திட்டிருக்கேன்னு எனக்குத் தெரியாது. வண்டியில உன் காலைத்தான் பார்த்துட்டு வந்தேன். நான் ஒரு நாளும் இப்படி ஓட்டினதில்ல."

கோபம் வந்தது. இரண்டு வருஷம் ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் காலை வண்டியைக் கழுவும்போதுதான், இல்லாத பன்னிரண்டைத் தேடி, ஒன்பதைப் பதினொன்று வரை கொண்டுவந்துவிட்டேனே என்று தோன்றி சிரிப்பு வந்தது. அவரும் தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

அந்த வாரமே வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஓசூர் ரோட்டு ஓட்டம் புது வண்டிக்கு, ஊருக்குள் சின்ன ஓட்டங்கள் பழையதுக்கு. பெரிய ஓட்டத்துக்கு நான்தான் போக வேண்டும் என்று தம்பியே சாவியை நீட்டினான். முதல் நாள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பொம்மசந்திரா வரைக்கும் வந்தான். வழியெல்லாம் ஒரே கேள்வி: "இப்ப ஏன்க்கா காலை எடுத்தே?"