மலையிலும் ஷிப்ட்

என் அக்கா புருஷன் குணாளன் உட்கார்ந்து நான் பார்த்த நேரங்களையெல்லாம் சேர்த்தாலும் ஒரு கல்யாணப் பந்திக்குக் காணாது. அந்தப் பந்தியிலும் பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போயிருப்பார். கெலுகோரில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் அவருக்கு ‘ஜாலான் குணா’ என்று பெயர். வேலை வெட்டியில்லாமல் ஜாலான் ஜாலான் என்று ஊர்சுற்றிக்கொண்டே இருக்கிறாராம். எதிர்வீட்டு ரொஸ்னா வைத்த பெயர் அது. அவரும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிடுவார்.

எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு. கோபமும் உண்டு. நான் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வக்கீல் ஆபீசில் கிளார்க்காக இருக்கிறேன். அடுத்தவர் குடும்பச் சண்டைகளைத் தட்டச்சு செய்து செய்து எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அக்கா நவமணி சொல்லுவாள். அது பொய்யில்லை.

அக்காவும் அத்தானும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஆட்கள். மகள் மோகனா பிறந்ததும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாராவது இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு ஷிப்ட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவருக்குப் பகல், அவளுக்கு இரவு. காலையில் அவள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருப்பார். வாசலில் நின்றபடியே பேச்சு. பிள்ளைக்குச் சளி, மருந்து மேசைமேல் இருக்கிறது. கேஸ் தீரப்போகிறது, ஆளுக்குச் சொல்லிவிட்டேன். மீனை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். அவ்வளவுதான், அவர் போய்விடுவார். இருபத்தைந்து வருஷம் அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த வாசலில்தான். மோகனாவுக்கு ஒரு தம்பி தங்கை இல்லையே என்று உறவில் யாராவது இழுத்தால், அதற்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டாமா என்று நான் கேட்பேன். அக்கா அடிக்க வருவாள்.

அத்தானுக்கு லீவு நாள் வந்தால் இன்னும் மோசம். இரவு வேலை முடிந்து அக்கா வந்து படுத்தாளோ இல்லையோ, மோகனாவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பாடாங் கோத்தா கடற்கரை, தண்ணீர்மலைப் பூங்கா, பெர்ரியில் பட்டர்வொர்த்துக்குப் போய் அதே பெர்ரியில் திரும்புவது. பொழுது சாயும்போதுதான் வருவார். பொண்டாட்டி ஓய்ந்து வந்து கிடக்கிறாளே, பக்கத்தில் இருந்து ஒரு வாய் தண்ணீர் கொடுப்போம் என்று இல்லையே என்று நான் முணுமுணுப்பேன்.

போன வருஷம் இருவரும் வேலையிலிருந்து நின்றார்கள். இனியாவது ஒன்றாக இருந்து ஒரு வாய் சோறு தின்பார்கள் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த தேநீரைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஜொகூருக்குப் போயிடலாம்னு இருக்கேன், காமினி,” என்றாள்.

மோகனா ஜொகூர் பாருவில் இருக்கிறாள். அப்போதுதான் அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வாயேன் என்றேன்.

“ஒரு மாசத்துக்கு இல்ல. அங்கேயே. நான் கட்டில்ல படுத்தா அவரு செருப்பு மாட்டுறாரு. நான் இருக்கிற வீட்ல அவரால இருக்க முடியல லா. இத்தன வருஷம் வேல மறைச்சிருச்சு. இப்பதான் தெரியுது.”

அவரிடம் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். என் அக்கா அழுகிற ஜாதி இல்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

இந்த நேரம் பார்த்து அத்தான் ஒரு கேரவனை வாங்கி வந்து நிறுத்தினார். பட்டர்வொர்த்தில் யாரோ ஒரு சீனக் கிழவர் விற்றது. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சின்னச் சக்கர வீடு. உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு கட்டில், மடக்கு மேசை, ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் ஒருவர் கட்டில்மேல் ஏறிக்கொள்ள வேண்டும். அடுக்குமாடியில் கார் நிறுத்தவே அடிபிடி, இதில் இது வேறு. அக்கா சன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஓடுகிற மனுஷனுக்குக் காலில் சக்கரம் வேறு கிடைத்துவிட்டது என்று நான் அவர் காதுபடவே சொன்னேன்.

ஆனால் அவர் திட்டம் வேறாக இருந்தது. கேமரன் மலைக்குப் போய் ஒரே இடத்தில் அதை நிறுத்திவிடுவது. பேஸ் கேம்ப் என்றார். தினம் ஓர் ஊராக இழுத்துக்கொண்டு அலையாமல், ஓர் இடத்தில் தங்கி, நடக்கப் போய்விட்டுத் திரும்ப அங்கேயே வருவதாம். ஒரு வாரம். அக்கா உடனே சரி என்று சொல்லிவிட்டாள், நானும் வந்தால். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய புருஷனோடு ஒரு வாரம் தனியாக இருக்க அவளுக்குப் பயம். இதற்கு நான் சிரிப்பதா அழுவதா? லீவு எழுதிக் கொடுத்தேன். போய் வந்து ஜொகூர் விஷயத்தை முடிவு செய்கிறேன் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்.

கோயில் வாசலில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். அத்தானின் பழைய ஹைலக்ஸ் வண்டி, பின்னால் கேரவன். சிம்பாங் பூலாயிலிருந்து மலை ஏறுகையில் பின்னால் வந்த லாரிக்காரர்களெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். கம்போங் ராஜா தாண்டி பக்கிரிசாமி அண்ணனின் தக்காளித் தோட்டம். அத்தானோடு தொழிற்சாலையில் இருந்தவர், முன்னாலேயே வேலையை விட்டு மலைக்கு வந்துவிட்டவர். தோட்டத்து ஓரம் சமமான இடமாகப் பார்த்துக் கொடுத்தார். எனக்கு அவர் வீட்டில் ஓர் அறை.

அத்தான் சக்கரங்களுக்கு முட்டு வைத்தார். நான்கு மூலையிலும் கால்களை இறக்கினார். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து, ஒரு பக்கம் பலகை சொருகினார், எடுத்தார், மறுபடி சொருகினார். மறுநாளும் அதே வேலை. வீடு கட்டுகிற மேஸ்திரிகூட இவ்வளவு பார்க்கமாட்டான். எல்லாம் முடிந்தது, இனி உட்காருவார் என்று நாற்காலியை விரித்துப் போட்டேன். தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள்தான் எனக்கு அது உறைத்தது. காலையில் அக்கா எழுவதற்குமுன் அத்தான் காட்டுப் பாதையில் நடக்கப் போய்விடுவார். மதியம் திரும்பி வருவார். அவர் வந்ததும் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு, வா காமினி, பிரிஞ்சாங் பசாருக்குப் போவோம் என்பாள். கேரவனை விட்டுவிட்டு எல்லாரும் போக முடியாது, ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று அத்தான் இருந்துகொள்வார். நாங்கள் திரும்பியதும் டார்ச் லைட்டைத் தேடுவார். கேரவன் வாசலில் நின்று இருவரும் பேசிக்கொண்டது இது: கேஸை மூடிட்டேன், தண்ணி ரொப்பியாச்சு, சோறு மூடி வச்சிருக்கு. அட பாவிகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மலைமேல் வந்தும் ஷிப்ட் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. என் சிரிப்பும் அத்தோடு போய்விட்டது. அந்த இரண்டு நாளும் நான் அவர்களுக்கு நடுவில் நிலைகொள்ளாமல் அலைந்தேன். யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது, தக்காளியைப் பார்த்தால்கூட.

ஐந்தாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. மூன்று பேரும் உள்ளே அடைந்து கிடந்தோம். சாப்பிட்டதும் அக்கா கட்டிலில் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்து கண்ணை மூடினாள். நான் மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அத்தான் எழுந்து இரண்டு எட்டு வைத்தார். கேரவன் மொத்தமும் ஆடியது. அப்படியே நின்றார். அக்காவைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, அந்தக் கொட்டுகிற மழையில் கதவைச் சத்தமில்லாமல் திறந்து வெளியே போய்விட்டார்.

“பாத்தியா,” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து ஏதோ எழுதினாள். மோகனாவுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன், அங்கேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன் என்றாள். போனை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் உரித்த பட்டாணியைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போனேன். அத்தான் தக்காளிக் கூடைகள் அடுக்கும் கொட்டகையின் இறவாரத்தில் நின்றுகொண்டிருந்தார். பாதி உடம்பு நனைந்திருந்தது. அக்காவைப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லித் தொலையுங்கள், இப்படி மழையில் ஓடி அவளைச் சாகடிக்காதீர்கள் என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் திருட்டு இல்லை. ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

“அவ தூங்குறாளேம்மா,” என்றார்.

தூங்கினால் என்ன என்றேன்.

“நான் கால் வச்சா வண்டி ஆடுதுல்ல. முழிச்சிக்குவா.”

அப்புறம் மெதுவாகச் சொன்னார். மோகனா கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஒரு லீவு நாள். அவர் சமையலறையில் ஒரு சட்டியைக் கீழே போட்டுவிட்டார். குழந்தை வீறிட்டு அழுதது. அக்கா எழுந்தவள் பிறகு தூங்கவேயில்லை. அன்றிரவு தொழிற்சாலையில் மிஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். இன்னும் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் கை போயிருக்கும். அதிலிருந்து, அவள் படுத்தால் தானும் பிள்ளையும் வீட்டில் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டாராம். இப்போது வேலை இல்லை, ஆனாலும் அவள் கண்ணை மூடினால் தன் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது என்றார்.

அப்படியென்றால் இந்தக் கேரவன் எதற்கு என்று கேட்டேன்.

“வீட்ல அவகூட எப்படி இருக்கறதுன்னு தெரியல. மலையில குளிரும். குளிருனா ரெண்டு பேரும் உள்ளதானே இருந்தாகணும்னு நெனச்சேன்.”

அழுகை வந்தால் நான் இன்னும் சத்தமாகத்தான் பேசுவேன். நீங்கள் இப்படி நினைத்தீர்கள், அவள் என்ன நினைத்தாள் தெரியுமா, தன்னோடு ஒரு கூரைக்கீழ் இருக்க உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டாள், ஜொகூருக்கு ஒரேயடியாகப் போகப்போகிறாள், இப்போதுதான் மகளுக்கு எழுதினாள் என்று கொட்டிவிட்டேன்.

அவர் குடையைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு மழையில் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தன் சொந்தக் கேரவன் கதவைத் தட்டிவிட்டு நின்றார். அக்கா திறந்தாள். அவள் முகத்தில் தூக்கத்தின் சுவடே இல்லை.

“நீ தூங்கணும்னுதான், மணி, வெளிய போனேன்,” என்றார். “எப்பவுமே அதுக்குத்தான்.”

அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். மழைச் சாரல் அவள் புடவையை நனைத்தது.

“நான் எங்க தூங்கினேன்?” என்றாள் கடைசியில். “நீங்க புள்ளயத் தூக்கிட்டுப் போனதும் அந்த வீடு கம்முனு ஆயிடும். லீவு நாள்லதான் மூணு பேரும் ஒண்ணா இருப்போம்னு வாரம் பூரா காத்துட்டு இருப்பேன். நீங்க போயிடுவீங்க. நான் கூரையப் பாத்துட்டுக் கிடப்பேன். நீங்க திரும்பி வந்து கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டாதான் எனக்குக் கண்ணே சொக்கும். அப்ப நான் வேலைக்குக் கிளம்பணும்.”

இரண்டு பேரையும் சேர்த்து வைத்து நாலு அறை விடலாம் போலிருந்தது எனக்கு. ஒருவர் தெருத்தெருவாக அலைந்திருக்கிறார், ஒருத்தி விழித்துக்கொண்டே கிடந்திருக்கிறாள், இருவரும் மற்றவருக்காக. வாசலில் நின்று கேஸைப் பற்றிப் பேசினார்களே, இதை ஒரு தடவை பேசியிருக்கக் கூடாதா? மழை நல்லதாகப் போயிற்று, நான் அழுதது தெரியவில்லை.

அக்காதான் முதலில் சுதாரித்தாள். உள்ளே வந்து தலையைத் துவட்டுங்க, காய்ச்சல் வந்தா யாரு பாக்கறது என்று துண்டை அவர்மேல் எறிந்தாள். அவர் உள்ளே வந்து மேசைப் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்தார். அக்கா மறுபடி படுத்துக்கொண்டாள். இந்த முறை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து சீரான மூச்சு வந்தது. அத்தானின் கால்கள் தரையில் பரபரக்க ஆரம்பித்தன. அவர் கதவைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பட்டாணியை எடுத்து உரித்தார். அவர் அசைகிற ஒவ்வொரு அசைவுக்கும் கேரவன் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தார்.

அப்போது மேசைமேல் அக்காவின் போன் அடித்தது. மோகனா. மெசேஜைப் பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் அழைத்திருக்கிறாள். அத்தான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு பழக்கத்தில் எழுந்தார், கதவுவரை போய்விட்டார். கைப்பிடியில் கை வைத்தவர் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து கட்டில் ஓரத்தில், அக்காவின் கால்மாட்டில், தொப்பென்று உட்கார்ந்தார். கேரவன் குலுங்கியது.

“அம்மா தூங்குறாம்மா,” என்றார். “இல்ல, அம்மா மட்டும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் வர்றோம். பாப்பாவப் பாத்துட்டு, ரெண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பிடுவோம்.”

அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா தூக்கத்தில் புரண்டுகூடப் படுக்கவில்லை.