அத்தை பரிமாறிய பந்தி

அத்தைக்குக் கல்யாணம் நின்றுபோன அன்று எனக்கு ஏழு வயது. அப்பாவின் கடைசித் தங்கை அவள். எனக்குத் தலை பின்னி, பேன் பார்த்து, சோறூட்டி வளர்த்தவள். நத்தத்துப் பக்கம் அவளைக் கட்டிக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, அது எப்படியாவது தட்டிப்போக வேண்டும் என்று ஊரிலுள்ள எல்லாச் சாமியிடமும் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாசலை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. விடியும் முன்பே வந்திருக்க வேண்டிய மாப்பிள்ளை வீட்டு வண்டிகளை வெயில் ஏறியும் காணவில்லை. முகூர்த்தம் தாண்டிய பிறகு அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து அப்பாவைத் தனியே அழைத்தார். மாப்பிள்ளை முதல் நாளே யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாராம். தேடாத இடமில்லையாம்.

மேளம் நின்றது. அம்மா தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, அரிவாளை எடுத்துக்கொண்டு வண்டியைப் பூட்டச் சொன்னார். அப்போதுதான் அத்தை உள்ளேயிருந்து வந்தாள், பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக.

“அண்ணே, போறதுன்னா நாளைக்குப் போங்க. வந்த சனம் அம்புட்டும் பசியோட இருக்கு. மொதல்ல பந்தியப் பாருங்க.”

“என்ன தாயி சொல்ற நீ?”

“ஆக்குன சோத்தக் கொட்டிட்டா எல்லாம் சரியாப் போயிருமாண்ணே?”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினாள். அப்பா அரிவாளைப் பந்தல் காலில் செருகிவிட்டு இலை போட வந்தார். முதல் பந்தியில் யாருமே தலை நிமிரவில்லை. அடுத்ததில் ஒருவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். கடைசிப் பந்திக்குள் பாயசம் போதவில்லை என்ற குறையே வந்துவிட்டது. அத்தை ஒரேயடியாக வளர்ந்துவிட்டாள் போல எனக்குத் தோன்றியது. பந்தலையே அவள்தான் தாங்கி நிற்கிறாளோ என்று அண்ணாந்து பார்த்தேன்.

எல்லோரும் எழுந்த பிறகு தனக்கும் ஓர் இலை போடச் சொன்னாள். என்னைக் கூப்பிட்டு இடப்பக்கம் உட்காரவைத்துக்கொண்டாள்.

“இவளுக்கு எப்பிடித்தான் சோறு எறங்குதோ” என்றாள் உறவுக்காரக் கிழவி ஒருத்தி.

“காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல சின்னம்மா. பசிக்குது” என்றாள் அத்தை. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அவ்வளவு நேரமும் அவளுடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நகம் பதிந்து வலித்தது. என்மேல் அத்தனை ஆசை என்று நினைத்து, கையை இழுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அப்பா நத்தத்துக்குப் போகவில்லை. கத்திரிக்காய் முற்றிக்கொண்டிருந்ததால் எல்லோரும் காய் பறிக்கக் காட்டுக்குப் போனோம், அத்தையும்தான். ஆயக்குடியில் அவளுக்கு ஒரு நல்ல இடம் அமையச் சில வருஷங்கள் ஆயின. நான் அன்று காட்டில் மற்றப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, எங்கள் அத்தைக்குப் பயமென்பதே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குச் சாட்சியாக என் மணிக்கட்டில் இருந்த நகத் தடங்களை ஒவ்வொருவருக்கும் காட்டினேன்.