பின்சீட்டில் இருந்தவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் படித்தது உயிர்வேதியியல். ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒரே விடை வந்தால்தான் ஏற்றுக்கொள்வேன். இதுவும் திரும்பத் திரும்ப நடந்தது. ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில்.

வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் அண்ணனின் காரில் சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதாக ஏற்பாடு. நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. முதலில் மாமா, பிறகு சித்தி, கடைசியில் அப்பா.

உண்மையில் பயணமே அப்பாவுக்காகத்தான். வேலை உறுதியான நாளிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. அம்மா இறந்த பிறகு தனியாக இருக்கிறார். ‘போகாதே’ என்றும் சொல்லவில்லை. என் போனை எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் விமானம் ஏறினால் அங்கே என்னால் நிம்மதியாக இருக்க முடியாது. இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும்.

மாமா வீட்டுக்கு மதியம் போய்ச் சேர்ந்தோம். நான் நேராகக் குளியலறைக்குப் போய் முகம் கழுவிவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை, காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வாசல்வழியாக வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நீ எப்ப உள்ள வந்த?”

“அப்பவே வந்துட்டேன் அத்தை.”

“இப்பதானேடி வண்டியில பின்னாடி உக்காந்திருந்த? கண்ணாடிய தட்டினேன். திரும்பிக்கூடப் பாக்கல.”

மாமா அத்தையைப் பார்த்துச் சிரித்தார். “உள்ள நீ இருக்கியோன்னு பயந்திருப்பா. கல்யாணமான புதுசுல நானும் அப்படித்தான் வாசல்லயே நின்னுட்டிருப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியவர்களை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வெயில், கண்ணாடி, பிரதிபலிப்பு... ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன். ஆனால் வழி நெடுக நான் உட்கார்ந்திருந்தது முன்சீட்டில்.

அங்கிருந்து கிளம்பி ஊரைத் தாண்டியதும் சத்தம் ஆரம்பித்தது. டிங்... டிங்... டிங்...

“பின்னாடி பெல்ட் போடலன்னு கத்துது” என்றான் அண்ணன். “உன் மூட்டைதான். எலிக்கு எதுக்கு இவ்வளவு சாமான்?”

ஆய்வுக்கூடத்து வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் என் பெயர் எலி.

வண்டியை ஓரங்கட்டினான். பையை எடுத்து டிக்கியில் வைத்தேன். பின்சீட் காலி. மறுபடி கிளம்பினோம்.

டிங்... டிங்...

“சென்சார் போச்சு” என்றான்.

சற்றுத் தொலைவு போனதும் சத்தம் தானாக நின்றது.

பெட்ரோல் போட நிறுத்தியபோது பின்கதவைத் திறந்து பார்த்தேன். இடதுபக்க பெல்ட் இழுத்து, கொக்கியில் மாட்டியிருந்தது.

“நீ மாட்டினியா?”

“நான் ஸ்டீயரிங் பிடிச்சிட்டிருக்கேன். எனக்கென்ன நாலு கையா?”

எனக்கு அவன்மேல்தான் சந்தேகம். என் வெள்ளைக் கோட்டுப் பையில் ரப்பர் பல்லியைப் போட்டு அனுப்பியவன் அவன். ஊருக்குப் போகிற தங்கையை அழவைத்துப் பார்க்க அத்தையோடு சேர்ந்து ஏதோ திட்டம் போட்டிருக்கிறான். அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

அதனால் சித்தி வீட்டில் காரை நானே பூட்டினேன். சாவி என் ஜீன்ஸ் பையில். அண்ணனைக் கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டேன்.

சித்தி நர்ஸ். டியூட்டி முடிந்து இன்னும் வரவில்லை. நான் சமையலறையில் சித்தப்பாவுக்கு பீன்ஸ் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம். சித்தியின் குரல் வாசலிலிருந்தே கேட்டது. யாரையோ திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டு வருவதுபோல.

“வா, உள்ள வந்து அழு. தெருவுல எல்லாரும் பாக்கறாங்க இல்ல...”

சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் கத்தியோடு நான்.

சித்தி கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்ன சித்தி?”

“ஒண்ணுமில்ல. நறுக்கு.”

மறுநாள் காலை கிளம்பும்போதுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கார் பூட்டியிருந்துச்சு. கைப்பிடிய இழுத்துப் பாத்தேன்.”

“உள்ள நானா இருந்தேன்?”

“நீதான் அழுதுட்டிருந்த. ‘எனக்குப் போக வேண்டாம் சித்தி’ன்னு...” நிறுத்தினார். “...சொன்னா.”

அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சித்தி கேட்வரை வரவில்லை. வீட்டு வாசலில் நின்றே கையசைத்தார். “முன்னாடியே உக்காரு. பின்னாடி திரும்பிப் பாக்காத.”

அன்று முழுக்க வண்டியில் சத்தமே வரவில்லை. பெல்ட் மாட்டியே இருந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

அண்ணன் ரேடியோ போட்டான். அணைத்தான்.

“எலி, நீயும் சித்தியும் சேந்து ஏதாவது விளையாடறீங்களா?”

“நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்.”

அதன்பிறகு அவனும் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்ப்பதைத் தவிர்த்தான்.

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மாடியில் வீடு. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர். பார்வைக் கோளாறு என்று அவரைச் சொல்லவே முடியாது.

“சாப்பிட்டியாடா?” என்று அண்ணனைக் கேட்டார்.

என்னைக் கேட்கவில்லை.

அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்தேன். ஒரு லென்ஸின் ஓரத்தை மெஷினில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்ப்பா.”

கிர்ர்ர்... மெஷினின் வேகத்தைக் கூட்டினார்.

மாடிக்குப் போனேன். அழுதேன். முகம் கழுவினேன். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன்.

கீழே அப்பா.

காரின் பின்கதவருகே குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

கண்ணாடி இறங்கியிருந்தது.

பேசிக்கொண்டிருந்தார்... இத்தனை மாதங்களாக எனக்குத் தராத பேச்சையெல்லாம்.

கை உள்ளே போனது. யாருடைய தலையையோ தடவியது.

ஓடி இறங்கினேன்.

அண்ணன் கடைக்குள் உட்கார்ந்திருந்தான். கார் சாவி அவன் முன்னால், மேஜைமேல்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இது போதும்மா எனக்கு.”

“எதுப்பா?”

“போகலன்னு சொன்னியே. இங்கயே இருந்துடறேன்னு.”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை நாளாயிற்று...

காரிடம் போனேன்.

பின்சீட் காலி.

பெல்ட் அவிழ்ந்து தொங்கியது.

கதவு லேசாகத் திறந்திருந்தது. யாரோ இறங்கிப் போனதுபோல.

அப்பா தூங்கி எழுவதற்குள் விடியற்காலையில் கிளம்பிவிட்டோம். சொல்லிக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினேன்.

இறங்கியதும் அப்பாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“வந்து சேந்துட்டேன்ப்பா.”



“யாரும்மா பேசறது?”

“நான்தான்ப்பா. உங்க பாப்பா.”

“விளையாடாதீங்க. பாப்பா மாடியில இருக்கா.”

வைத்துவிட்டார்.

தனிமையில் மனசு குழம்பிவிட்டது என்று நினைத்தேன். அண்ணனை அனுப்பினேன். அவன் டாக்டரையும் அழைத்துப் போனான். அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பு தேறியிருக்கிறார். கடையில் சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்கிறார். கணக்கு வழக்கு, ஊர், நாள், எல்லாம் சரியாகச் சொல்கிறார்.

வெளியே வந்தபோது பக்கத்துக் கடைத் தையல்காரர் அண்ணனை நிறுத்திப் பேசியிருக்கிறார். வேறு ஊரிலிருந்து போன மாதம்தான் அங்கே கடை போட்டவர். நான் வெளிநாடு போனதே அவருக்குத் தெரியாது.

“உங்க தங்கச்சி ரொம்ப அமைதி சார். சாயங்காலமானா அப்பா பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்துக்குது. நான் ஏதாவது கேட்டா தலைய மட்டும் ஆட்டுது.”

அண்ணன் திரும்பக் கடைக்குள் போயிருக்கிறான். படிக்கட்டின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

“பதில் வந்துச்சா?” என்று போனில் கேட்டேன்.

“கூப்பிட்டேன்...” என்று இழுத்தான்.

“சொல்லுண்ணா. மேல யாரு?”

“நான் ஏறிப் பாக்கல.”

எனக்கு அடுத்த மாதம் விடுமுறை. வந்து அப்பாவைப் பார்க்கிறேன் என்றேன். அண்ணன் அவசரமாகக் குறுக்கிட்டான். அவன் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

“அப்பா சந்தோஷமா இருக்காரு. நீ வர வேண்டாம்.”