பரிசோதிக்காமல் விட்ட நாய்

ரீபெகாவுக்குக் காட்டுப்பன்றியிடம் பயம் இருந்ததில்லை. ஒருமுறை ஆண்பன்றி ஒன்று கோரைப்பல்லால் அவள் தொடையைக் கிழித்தது. நாய்கள் அதை மடக்கிப் பிடிக்க, அவள் கத்தியால் முடித்தாள். பிறகு சட்டையைக் கழற்றிக் காயத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பன்றியை முதுகில் போட்டு ஓடையைத் தாண்டி நடந்தே வீடு வந்தாள். ஹொக்கியாங்கா கழிமுகத்து ஜனங்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவள் பயம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டது, கெய்ட்டா ஒரு துவாலைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அடுக்களை மேசைமேல் வைத்த குளிர்காலத்தில்தான்.

கெய்ட்டா அவளுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மேட்டுக்காட்டில், பறக்கத் தெரியாத கிவிப் பறவைகளைக் காக்கிற வேலை. பறவையின் காலில் சின்ன ரேடியோ கட்டி, அது எங்கே இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே திரிவாள்.

"பிரிச்சுப் பாரு அக்கா."

உள்ளே ஒரு பெட்டைக் கிவி. நீண்ட அலகு துவாலை ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. ரத்தம் இல்லை, பெரிய காயமும் இல்லை. ரீபெகா விரலால் நெஞ்சை அழுத்தினாள். உள்ளே எலும்பு நொறுங்கிப் போயிருந்தது.

"கடிக்கக்கூட இல்ல. சும்மா கவ்வித் தூக்கியிருக்கு" என்றாள்.

"நாய்தான?"

"நாய்தான்."

"இது முதல் பறவை இல்ல அக்கா. அந்த மேட்டுல ஒண்ணொண்ணா போய்க்கிட்டிருக்கு. உங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்வேன்?"

கெய்ட்டா அவளிடம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்து வேட்டை நாய்களுக்கெல்லாம் பயிற்சி கொடுப்பவள் ரீபெகா. செத்துப்போன கிவியை உறைபெட்டியில் வைத்திருந்து, பயிற்சி நாளில் புதருக்குள் மறைத்து வைப்பாள். அதன் எச்சத்தையும் இறகையும் பக்கத்தில் தூவுவாள். நாயின் கழுத்தில் ஷாக் அடிக்கிற மின்பட்டை கட்டி, நீளக் கயிற்றில் விட்டு, வாசனை வரும் காற்றுக்கு எதிரே நடத்திக்கொண்டு போவாள். நாய் மூக்கை நீட்டிய அதே நொடி பொத்தானை அமுக்குவாள். ஒரு அலறல். மனிதன் அடித்தான் என்று நாய் நினைக்கக்கூடாது. அந்த வாசனைதான் கடித்தது என்று நினைக்க வேண்டும். ஆட்டுக்குட்டியைத் தொடாமல் இருக்கவும் நாய்க்கு அதே பாடம், பட்டி ஓரத்தில். சில மாதம் கழித்துத் திரும்பக் கூட்டிவந்து சோதிப்பாள். வாசனை பட்டதும் நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிப் போனால் தேறியது. அப்படித் தேறிய நாய்க்குத்தான் காட்டுக்குள் போக அனுமதி.

செய்தி பரவியதும் எல்லார் கண்ணும் அவளுடைய பாங்கோமேல் விழுந்தது. கறுத்த, அகன்ற நெஞ்சுக்கார நாய். அந்த வட்டாரத்திலேயே அதற்கு இணையான மூக்கு வேறு நாய்க்கு இல்லை. ஊர்க்கூடத்தில் வேட்டைக்காரர்கள் கூடியபோது, ராவிரி பின் வரிசையிலிருந்து குரல் கொடுத்தான். அவன் நல்ல வேட்டைக்காரன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"ஊர் நாய்க்கெல்லாம் பாடம் எடுக்கிற டீச்சரம்மா, உங்க வீட்டுப் பையன் பரீட்சைல தேறினானா, இல்ல டீச்சர் மகன்னு சும்மா தூக்கிவிட்டீங்களா?"

கூடம் சிரித்தது. ரீபெகாவும் சிரித்தாள். ஆனால் ஒன்றை மறைத்துத்தான் சிரித்தாள். முந்தின வாரம் பள்ளத்தாக்கில் பாங்கோ கண்ணுக்கு மறைந்து போயிருந்தான். நாய் இருக்கும் இடத்தைக் காட்டும் கைக்கருவியில் அவனுடைய புள்ளி ஒரே இடத்தில் வெகுநேரம் அசையாமல் நின்றது. என்ன செய்துகொண்டிருந்தான் அங்கே? பன்றி இருந்திருந்தால் குரைத்திருப்பானே. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கொன்றது வேட்டை நாய் என்று நிரூபணமானால் வேட்டைக்காரர்களுக்குக் காட்டைப் பூட்டிவிடுவார்கள். நாயைக் கொன்றுவிடுவார்கள். அவள் சொன்னதை நம்பி நாயைக் கொண்டுவந்த அத்தனை பேரும் அவள் முகத்தில் முழிக்க மாட்டார்கள்.

செத்த பறவைகளின் இறகில் ஒட்டியிருந்த எச்சிலைக் கெய்ட்டா பரிசோதனைக்கு அனுப்பினாள். ஒத்துப்பார்க்க ஒவ்வொரு வேட்டை நாயின் வாயிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சில் எடுத்தாள். பாங்கோவின் தாடையை ரீபெகாவே பிடித்துக்கொண்டாள். அவன் வாலை ஆட்டினான்.

"ஏன் இவ்வளவு இறுக்கிப் புடிக்கிற அக்கா?"

"ஆட்டாம இருக்கணும்டி."

முடிவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் பேசவும் ஆள் இல்லை. புருஷன் ஹோஹெபாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலப்பக்கம் விழுந்துபோய், பேச்சும் போயிற்று. 'ம்' என்பான், 'தண்ணி' என்பான், 'பிப்பி' என்பான். அதற்குமேல் வார்த்தை தொண்டையில் சிக்கி அவனை அழவைக்கும். ஒருகாலத்தில் அந்த மேட்டில் அவன் கால் படாத இடம் கிடையாது.

பிப்பி அவனுடைய நாய். மஞ்சள் நிறத்தில், ஒரு கையில் தூக்கிவிடுகிற அளவு குட்டை நாய். நாற்காலியில் அவனோடு ஒட்டிப் படுத்திருக்கும். அவன் குளியலறையில் விழுந்து கிடந்த அன்று, கொட்டகையில் பன்றி உரித்துக்கொண்டிருந்த ரீபெகா ஓடிவரும்வரை குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போனது. அவன் இன்னும் உயிரோடு இருப்பதற்கு மருத்துவரைவிட அந்த நாய்தான் காரணம் என்று அவள் நம்பினாள்.

ஒரு பிற்பகல் கெய்ட்டா போன் செய்தாள். எல்லாப் பறவையையும் கொன்றது ஒரே நாய். ஆனால் வேட்டை நாய்களில் ஒன்றுகூட இல்லை.

"பாங்கோ?"

"பாங்கோ இல்ல அக்கா. யாரும் இல்ல. எங்கிருந்தோ வந்த தெருநாயா இருக்கும்."

ரீபெகா அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாலையில் ராவிரி ஒரு பன்றித் தொடையோடு வாசலில் வந்து நின்றான்.

"வாய் தவறிடுச்சு அக்கா. இதத் தின்னுட்டு மன்னிச்சிரு."

"உன் வாய் எப்படா தவறாம இருந்துச்சு? உள்ள வா" என்றாள். வாரக்கணக்கில் இல்லாத சிரிப்பு.

அவன் போனபின், ஹோஹெபாவின் கம்பளியை உதறலாம் என்று வெளியே எடுத்துப் போனாள். அதன் மடிப்பிலிருந்து எதுவோ மிதந்து விழுந்தது. குனிந்து எடுத்தாள். இறகு என்று வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். முடிபோல மெலிந்து, பழுப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். ஈர மண்ணும் காளானும் கலந்த கிவி வாசனை.

 கதவு வழியாக உள்ளே பார்த்தாள். பிப்பி ஹோஹெபாவின் மடியில் படுத்துத் தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

தினமும் விடியும் முன் அவள்தான் கதவைத் திறந்து பிப்பியை வெளியே விடுவாள். ஹோஹெபாவுக்குக் கஞ்சி ஊட்டி முடிக்கும்போது காலெல்லாம் சேறாகத் திரும்பி வரும். முயல் துரத்தப் போகிறது என்று நினைத்துத் துடைத்துவிடுவாள். பஞ்சுக் குச்சியோடு வந்த கெய்ட்டாவும் பிப்பியைப் பார்க்கத்தான் செய்தாள். குனிந்து காதைச் சொறிந்துவிட்டுப் போனாள்.

இறகை அடுப்பில் போட்டாள். அது கருகுகிற நாற்றம் வீட்டை நிறைத்ததும் சன்னல்களைத் திறந்துவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து பிப்பியைக் கயிற்றில் கட்டினாள். அது ஊளையிட்டது. ஹோஹெபா இடக்கையால் நாற்காலியைத் தட்டித் தட்டி, "அவு... அவு..." என்றான்.

"கால்ல முள்ளு குத்தியிருக்கு. ஆறட்டும்" என்று அவன் முகத்தைப் பாராமல் சொன்னாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். மின்பட்டையை எடுத்து, பிப்பியின் கழுத்துக்கு அளவு பார்த்தாள். பிறகு கீழே வைத்தாள். கொன்று ருசி கண்ட நாய்க்கு இந்தப் பாடத்தை நம்ப முடியாது என்று அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இன்னொன்றும் அவளை அரித்தது: ஒருநாள் மறந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டால்?

கதவை அவள் திறக்கவில்லை. ஒரு காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது, ஹோஹெபா நாற்காலியிலிருந்து சரிந்து, தரையில் தவழ்ந்துபோய், ஒற்றைக் கையால் கயிற்றை அவிழ்த்திருந்தான். கதவு திறந்து கிடந்தது. தான் செய்த காரியத்தைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனைத் தூக்கி உட்கார வைத்ததோடு சரி. ஈரத் தலையோடு பாங்கோவைக் கூப்பிட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள். பனி இன்னும் விலகவில்லை. பாங்கோ மோப்பம் பிடித்து முன்னால் போனான். முட்செடி காலைக் கிழித்தது. "பிப்பி!" என்று கத்த வாயெடுத்தவள், அந்தப் பேரை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

பெரணிச் செடிகள் மூடிய ஒரு சரிவில் பாங்கோ சட்டென்று நின்றான். முதுகு மயிர் சிலிர்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கி அவள் காலுக்குப் பின்னால் ஒண்டினான். எத்தனை ஆசைகாட்டினாலும் இனி ஓரடி எடுத்துவைக்க மாட்டான். அவன் எதைக் கண்டு பயப்படுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

உளுத்த மரத்தின் வேருக்கடியில் ஒரு பொந்து. அதிலிருந்து மஞ்சள் பின்னங்கால்கள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. உள்ளே அலகு சடசடக்கும் சத்தம்.

ரீபெகா குப்புற விழுந்து அந்தக் கால்களைப் பிடித்து இழுத்தாள். பிப்பி திரும்பி அவள் கையைக் கடித்தது. ஒருநாளும் யாரையும் கடிக்காத நாய். அவள் விடவில்லை. முழுசாக வெளியே இழுத்தபோது வாயில் ஒரு கொத்து இறகு மட்டும் ஒட்டியிருந்தது. அவளை அடையாளம் தெரிந்ததும் வாலை ஆட்டியது.

பொந்துக்குள் பார்த்தாள். கிவியில் அடைகாப்பது ஆண்தான். அந்த ஆண்பறவை சுவரோடு ஒட்டி மூச்சிரைத்தது. அதன் அடியில் வெள்ளையாக ஒரு முட்டை.

பிப்பியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு இறங்கும்போது வழிநெடுக ஒரே யோசனை. யாரும் பார்க்கவில்லை. பறவையும் பிழைத்துவிட்டது. சும்மா இருந்துவிடலாம். வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றாள். தன் வீட்டுக்குள் போகத் தனக்கே பயமாக இருப்பது அவளுக்கு விசித்திரமாகப் பட்டது.

ஹோஹெபாவின் முன்னால் மண்டியிட்டு, பிப்பியின் வாயிலிருந்து எடுத்த இறகுக் கொத்தை விரித்துக் காட்டினாள்.

"முயல் இல்லைங்க. இத்தனை நாளும் இவதான்."

அவன் இறகைப் பார்த்தான். அவள் கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல அணைந்தது. இது கிவி அடைகாக்கும் காலம் என்று அவனுக்குத் தெரியும்.

"மு... முட்ட?"

"இருக்கு. அப்பன்காரன் மேல உக்காந்திருக்கான். உசுரோடதான் இருக்கான்."

இறகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கெய்... கெய்ட்டா" என்றான்.

"கூப்பிட்டா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? இவளக் கொண்டுபோயிருவாங்க. திரும்பக் குடுக்க மாட்டாங்க."

"ம்."

"அப்புறம் நீங்க எப்படி இருப்பீங்க?"

 இடக்கையால் போனை அவள் பக்கம் தள்ளினான். கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

கெய்ட்டா வந்து எடுத்துப்போன பிப்பியின் எச்சில் ஒத்துப்போனது. கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். ஹோஹெபா பிப்பியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான். ஊசி போட்டு முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. கெய்ட்டா தாங்க முடியாமல் கொல்லைப் பக்கம் நின்று அழுதாள்.

அதன்பிறகுதான் ரீபெகாவுக்கு உண்மையான பயம் வந்தது. ஹோஹெபா சாப்பிட மறுத்தான். 'ம்' கூடச் சொல்லவில்லை. அவள் கொட்டகைக்குப் போனால் பாதி வேலையில் ஓடிவந்து அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். விழுந்தால் குரைக்க இப்போது யாருமில்லை.

பயிற்சி நாள் வந்தது. அவனைத் தனியே விட்டுப்போகத் துணிச்சல் இல்லாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். ஊருக்கு விஷயம் தெரிந்திருந்தது. வேட்டை நாய்களுக்குப் பின்னால் மடியில் வளர்க்கிற நாய்கள் வரிசையாக நின்றன. ராவிரி தன் பெண்டாட்டியின் சுருட்டைமுடிக் குட்டை நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் இருந்தவன், "என்னடா, இதை வெச்சுப் பன்றி புடிக்கப் போறியா?" என்றான். ராவிரி நாயை இன்னும் இறுக்கிக்கொண்டு வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தான்.

ரீபெகா எல்லார் முன்னாலும் நின்றாள். 

"அந்தப் பறவைங்களக் கொன்னது என் வீட்டு நாய். பேரு பிப்பி. அதுக்கு நான் பாடம் சொல்லிக் குடுக்கல. வீட்டுக்குள்ள தூங்குற நாய்தானேன்னு விட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் சின்னப் பட்டையை எடுத்து ராவிரியின் நாய்க்குக் கட்டினாள். புதரருகே அது அலறியபோது, வண்டிக்குள் ஹோஹெபாவின் உடம்பு துள்ளியது. அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"வீட்டுக்குப் போயிரலாமா?"

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. புதரைப் பார்த்து விரலை நீட்டி, கஷ்டப்பட்டு, "அடுத்தது" என்றான். வாரக்கணக்காகப் பேசாதவனிடமிருந்து வந்த முதல் வார்த்தை.

அன்று சாயங்காலம் பன்றி எலும்பும் காட்டுக்கீரையும் போட்டுக் காய்ச்சிய சாற்றில் பாதிக் கிண்ணம் குடித்தான். மேட்டில் குஞ்சு பொரிந்திருப்பதாகக் கெய்ட்டா வந்து சொன்ன நாளில் முழுக் கிண்ணமும் குடித்தான். ரீபெகாவின் பயம் மட்டும் போகவில்லை. விடியற்காலையில் தூரத்தில் எங்காவது ஒரு குட்டை நாய் குரைத்தால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, எந்தத் திசையிலிருந்து, மேட்டுப் பக்கமா என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.